இணைய வேகம்: குழாய் முனையில் அளந்து பார்க்க வேண்டும்

விதை வாங்கும் விவசாயி முதலில் முளைப்புத் திறனைப் பார்க்கிறார். நூறு விதைகளை ஈரச் சாக்கில் பரப்பி, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுகிறார். காபிக் கொட்டை விற்கும்போது ஈரப்பதம் பார்க்கப்படுகிறது. புதிதாக மோட்டார் பொருத்தினால், 200 லிட்டர் டிரம்மைக் குழாய் முனையில் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். மோட்டாரின் தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், நிலத்துக்கு வந்து சேர்வது அந்த 10 லிட்டர்தான். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் தெரிந்த கணக்கு இது.

ஆனால் மாதந்தோறும் பணம் கொடுத்து வாங்கும் ஒரு பொருள் மட்டும் பெரும்பாலான வீடுகளில் அளக்கப்படுவதே இல்லை. அதுதான் இன்டர்நெட். "நூறு ஸ்பீடு" என்று விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் தலையாட்டுகிறார். பிறகு படம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், "நெட் ஸ்லோ" என்று அலுத்துக்கொள்வதோடு சரி. எவ்வளவு ஸ்லோ, எந்த நேரத்தில் ஸ்லோ, கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று யாரும் பார்ப்பதில்லை. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பார்கள். இணையத்தைப் பொறுத்தவரை, கணக்குப் பார்க்காவிட்டால்தான் அந்த உழக்கும் போய்விடும்.

மலைக் கிராமத்துக்கு இது ஏன் அவசியம்?

பழனி மலையில், கொடைக்கானல் வட்டத்தில் உள்ளது அடுக்கம் ஊராட்சி. பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரையிலிருந்து மலையேறும் சாலை, அடுக்கம் வழியாகச் சென்று, பெருமாள்மலையில் வத்தலக்குண்டு – கொடைக்கானல் சாலையைச் சேர்கிறது. காபி, மிளகு, மலை வாழை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் ஆகியவை கீழ்ப்பழனி மலைச் சரிவுகளின் பயிர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து இந்த மலைப் பாதை பல முறை அடைபட்டிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், கொடைக்கானல் மலைப் பகுதியிலும் மரங்களைச் சாய்த்து, மின்சாரத்தையும் போக்குவரத்தையும் நிறுத்தியது பலருக்கும் நினைவிருக்கும்.

பாதை அடைபட்ட நாளில் மலைவாசிக்கு மிஞ்சியிருப்பது செய்தி ஒன்றுதான். வாழைத்தார் வெட்டலாமா, லாரி ஏறுமா, இறங்குமா, நோயாளியை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதெல்லாம் செய்தியைப் பொறுத்தே இருக்கிறது.

சாதாரண நாட்களிலும் இணையத்தின் தேவை குறைவன்று. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணையாக வருகிறது. அதற்கு இ-கே.ஒய்.சி. பதிவு கட்டாயம். தமிழக அரசு 2018-ல் தொடங்கிய உழவன் செயலியில் மானிய விவரம், விலை நிலவரம், வானிலை ஆகியவற்றைப் பார்க்கலாம். பட்டா, சிட்டா நகல் எடுக்கவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் இணையம் வேண்டும்.

பயிர் நோயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விருப்பாச்சி, சிறுமலை ரகங்களைப் பல ஆண்டுகளாக அழித்து வருவது முடிக்கொத்து நோய். இதை அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரப்புகிறது. சந்தேகப்பட்ட கன்றைப் படம் எடுத்துத் தோட்டக்கலை அலுவலருக்கு அன்றே அனுப்பி, அன்றே பதில் பெற்றால், அந்தக் கன்றை உடனே தோண்டி எடுத்து அழித்துவிடலாம். படம் போய்ச் சேர நான்கு நாள் ஆனால், அதற்குள் அசுவினி பக்கத்துக் கன்றுகளுக்குப் போயிருக்கும். ஆகவே வேகம் என்பது இங்கே சினிமா பார்ப்பதற்கான வசதி மட்டுமல்ல. தோப்பைக் காப்பாற்றும் காரியமும்கூட.

பிட் வேறு, பைட் வேறு

விளம்பரத்தில் "100 எம்.பி.பி.எஸ்." என்று போடுகிறார்கள். இது டாக்டர் படிப்பு அன்று. விநாடிக்கு 100 மெகாபிட் என்று பொருள். ஆனால் செல்போனில் ஒரு படத்தின் அளவு "4 எம்.பி." என்று காட்டினால், அது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் வேகத்தில் விநாடிக்கு வந்து சேர்வது 12½ மெகாபைட் மட்டுமே. படியையும் மரக்காலையும் குழப்பினால் நெல் வியாபாரத்தில் என்ன ஆகுமோ, அதுவேதான் இங்கேயும் ஆகும்.

இரண்டாவதாக, "வரை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். "100 வரை" என்றால் 100 கிடைக்கும் என்று பொருளல்ல. அதற்கு மேல் போகாது என்றுதான் பொருள். மூன்றாவதாக, மாதத்துக்கு இவ்வளவு என்று குறித்த அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் குறைக்கப்படுகிறது. அந்த அளவு என்ன, அதற்குப் பிறகு வேகம் என்ன என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. இணைப்பு வாங்குமுன் இதைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

"பிராட்பேண்ட்" என்ற பெயருக்கே ஒரு கீழ் அளவு உண்டு. இந்தியாவில் 2004-ல் அது விநாடிக்கு 256 கிலோபிட்டாக இருந்தது. 2013-ல் 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரி முதல் 2 மெகாபிட் என்று உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் 2024-ல் இதே கீழ் அளவு இறக்கத்துக்கு 100 மெகாபிட், ஏற்றத்துக்கு 20 மெகாபிட் என்று வைக்கப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டால், நம் நாட்டின் அளவுகோல் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது விளங்கும்.

அளக்க வேண்டியவை நான்கு

ஓடையிலிருந்து தோட்டத்துக்கு நீண்ட குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரும் மலை விவசாயிக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

முதலாவது இறக்க வேகம், அதாவது டவுன்லோட். வெளியிலிருந்து வீட்டுக்கு விநாடிக்கு எவ்வளவு வருகிறது என்பது இது. குழாய் முனையில் விழும் தண்ணீரின் அளவுக்கு ஒப்பானது.

இரண்டாவது ஏற்ற வேகம், அதாவது அப்லோட். வீட்டிலிருந்து வெளியே எவ்வளவு போகிறது என்பது இது. விளம்பரங்களில் இதைப் பெரிதாகப் போடுவதில்லை. ஆனால் விவசாயிக்கு இதுவே முக்கியம். நோய்ப் படம் அனுப்புவதும், ஆவணம் ஏற்றுவதும், வீடியோவில் முகம் காட்டிப் பேசுவதும் ஏற்றத்தைச் சார்ந்தவை.

மூன்றாவது தாமதம். இதை "பிங்" என்று பரிசோதனைச் செயலிகள் காட்டும். மடையைத் திறந்த பிறகு முதல் சொட்டு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுபோல இது. மில்லி விநாடியில் சொல்லப்படும். 100-க்குள் இருந்தால் பேசுவதற்குத் தொல்லையில்லை. 300-ஐத் தாண்டினால் ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் பேசத் தொடங்கி இருவரும் திணறுவார்கள்.

நான்காவது நிதானம். குழாயில் காற்றுப் புகுந்தால் தண்ணீர் விட்டு விட்டு வரும் அல்லவா? அதுபோல வேகம் ஏறி இறங்குவதும், இடையில் அறுந்து அறுந்து போவதும் உண்டு. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை அறுகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. வீட்டில் இருப்பவர்தான் குறித்துவைக்க வேண்டும்.

அளக்கும் முறை

மண் பரிசோதனைக்கு ஒரே இடத்தில் ஒரு கை மண் அள்ளி அனுப்புவதில்லை. வயலில் பல இடங்களில் வெட்டி, கலந்து, பங்கிட்டு எடுக்கிறோம். இணைய அளவுக்கும் அதே நியாயம் பொருந்தும். ஒரு தடவை பார்த்துவிட்டு "நல்ல ஸ்பீடு" என்றோ "மோசம்" என்றோ முடிவு கட்டுவது தவறு. கீழ்க்கண்ட முறையைக் கையாளலாம்.

1. ஸ்பீட்டெஸ்ட், ஃபாஸ்ட் போன்ற இலவசச் சேவைகளில் ஒன்றைத் தேர்ந்து, கடைசிவரை அதையே பயன்படுத்த வேண்டும். செல்போன் இணைப்புக்கு டிராய் ஆணையத்தின் மைஸ்பீட் செயலி ஏற்றது. இது 2016-ல் வெளிவந்தது. அளந்த அளவை ஆணையத்துக்கே அனுப்பும் வசதி இதில் உண்டு.

2. அளக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள மற்ற செல்போன்கள், டி.வி. ஆகியவற்றின் இணைப்பை நிறுத்திவைக்க வேண்டும். நான்கு மடை திறந்திருக்கும்போது ஒரு மடையில் அளந்து மோட்டாரைக் குறை சொல்வது முறையன்று.

3. ரூட்டர் உள்ள வீடுகளில், கம்ப்யூட்டர் இருந்தால் ஒயர் மூலம் நேராக இணைத்து அளப்பது சாலச் சிறந்தது. கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் ரூட்டரிலிருந்து நான்கைந்து அடி தூரத்தில் நின்று செல்போனில் அளக்கலாம். அப்போது போனில் சிம் இணைப்பை நிறுத்தி, வைஃபையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. காலை, பகல், இரவு என்று நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாட்கள் அளக்க வேண்டும். இரவு ஏழு மணிக்கு மேல் எல்லா வீடுகளிலும் இணையம் ஓடும். அந்த நேரத்து அளவு கட்டாயம் வேண்டும். கனத்த மழை பெய்யும் நாளின் அளவையும் தவறவிடக்கூடாது.

5. தேதி, மணி, இறக்கம், ஏற்றம், தாமதம், மழையா வெயிலா, மின்சாரம் இருந்ததா என்று ஏழு கட்டங்கள் போட்டு நோட்டில் எழுத வேண்டும். திரையில் வரும் முடிவைப் படம் பிடித்து வைப்பதும் நல்லது.

ஏழு நாள் முடிந்தால் 21 அளவுகள் சேரும். இவற்றைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக எழுதினால், நடுவில் நிற்கும் 11-வது எண்ணே வழக்கமாகக் கிடைக்கும் வேகம். எல்லாவற்றிலும் சிறிய எண், ஆபத்துக் காலத்தில் நம்பக்கூடியது. மிகப் பெரிய எண்ணை விளம்பரக்காரருக்கே விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பரிசோதனையும் டேட்டாவைச் செலவழிக்கும். 100 மெகாபிட் வேகத்தில் 10 விநாடி ஓடினால் 125 மெகாபைட் போய்விடும். 5 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதே 10 விநாடிக்குச் செலவு 6 மெகாபைட்டுக்குச் சற்று அதிகம். நாள்தோறும் அளவு வைத்த ரீசார்ஜ் திட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

செயலி காட்டும் எண் மட்டும் போதாது

ஸ்பீட்டெஸ்ட் போன்ற பரிசோதனைச் செயலி, பெரும்பாலும் பக்கத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தோடு தொடர்பு கொண்டு அளக்கிறது. சில வேளைகளில் அந்த நிலையம் இணைப்பு தரும் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். அதாவது, வாய்க்காலின் முதல் மைல் வரை தண்ணீர் ஓடுவதை அது காட்டுகிறது. ஆனால் விவசாயி போய்ச் சேர வேண்டிய அரசுத் தளமோ, வங்கித் தளமோ கடைமடையில் இருக்கிறது. வழியில் எங்காவது அடைப்பு இருந்தால், செயலி "40" என்று காட்டும், படிவமோ ஏறாது.

ஆகவே உண்மையான பரிசோதனை, செய்ய வேண்டிய வேலையையே செய்து பார்ப்பதுதான். செல்போனில் எடுத்த ஒரு வீடியோவின் அளவைப் பார்த்துக்கொண்டு, அதை வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" ஆக வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். சாதாரண வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், கணக்கு தவறும். அனுப்பி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். மெகாபைட்டை 8-ஆல் பெருக்கி, விநாடியால் வகுத்தால் ஏற்ற வேகம் கிடைக்கும்.

உதாரணமாக, 60 மெகாபைட் வீடியோ போய்ச் சேர 4 நிமிடம், அதாவது 240 விநாடி ஆனால், 60 × 8 = 480; 480 ÷ 240 = 2. ஏற்ற வேகம் 2 மெகாபிட். செயலி 10 என்று காட்டியிருந்தாலும், விவசாயியின் வேலைக்குக் கிடைத்தது 2 தான். டிரம்மும் கடிகாரமும் வைத்து மோட்டாரை அளப்பதும் இதுவும் ஒன்றே.

இந்தக் கணக்கு தெரிந்தால் தேவையையும் கணிக்கலாம். நோய்க் கன்றின் படங்கள் மூன்று, ஒவ்வொன்றும் 4 மெகாபைட் என்றால் மொத்தம் 12 மெகாபைட், அதாவது 96 மெகாபிட். ஏற்றம் 2 மெகாபிட் இருந்தால் 48 விநாடியில் போய்விடும். ஏற்றம் 0.2 மெகாபிட் என்றால் 8 நிமிடம் ஆகும். அந்த 8 நிமிடத்தில் இணைப்பு ஒரு முறை அறுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம்.

கோளாறு எங்கே?

அளந்த பிறகு கோளாறின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ரூட்டருக்குப் பக்கத்தில் 30, அடுப்படியில் 3 என்றால் குற்றம் நிறுவனத்தினுடையது அன்று, வீட்டுச் சுவருடையது. கனமான கல் சுவர் வைஃபை அலையைத் தடுக்கும். ரூட்டரை மூலையில் உள்ள அலமாரியிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகள் இருக்கலாம். முன்னது வேகம் கூடியது, ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். பின்னது வேகம் குறைந்தது, ஆனால் தூரம் போகும்.

ரூட்டர் பக்கத்திலேயே குறைவாக இருந்து, பகலில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால், ஒரே குழாயைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று அறியலாம். எல்லா நேரமும் குறைவாக இருந்தால் லைன், அல்லது இணைப்பே பழுது.

செல்போன் சிக்னலை மட்டும் நம்பும் வீடுகளில் மலையே முதல் தடை. டவருக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மேடு குறுக்கிட்டால், அரை மைல் தூரமும் அரை நாள் தூரமாகிவிடும். இந்தச் சரிவில் ஒரு நிறுவனமும் எதிர்ச் சரிவில் வேறொரு நிறுவனமும் எடுபடுவது மலையில் சகஜம். ஆகவே புது சிம் வாங்குமுன், அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினரை வீட்டுக்கு அழைத்து, வீட்டிலும் களத்திலும் ஒரு நாள் அளந்து பார்ப்பது புத்திசாலித்தனம். மாடு வாங்குமுன் இரண்டு வேளை கறந்து பார்ப்பதில்லையா?

பெரிய எண் எல்லோருக்கும் தேவையில்லை

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு விவசாயக் குடும்பத்துக்கு 100, 200 என்ற வேகம் பெரும்பாலும் தேவையில்லை. ஒரு வீடியோ அழைப்புக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 1 முதல் 1½ மெகாபிட் நிதானமாக இருந்தால் போதும். பிள்ளைகள் பாட வீடியோ பார்க்க 1 முதல் 3 மெகாபிட் போதும். குரலில் மட்டும் ஆலோசனை பெற இணையமே தேவையில்லை. 2004 முதல் இயங்கும் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணுக்குப் பேசினால் தமிழிலேயே பதில் கிடைக்கும்.

நாள் முழுவதும் அறுந்து போகாத 5 மெகாபிட், இரவில் படுத்துவிடும் 100 மெகாபிட்டைவிட மேலானது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் போதுமான கிணற்றில் பத்து குதிரைத்திறன் மோட்டார் இறக்கினால் தண்ணீர் கூடுவதில்லை. செலவுதான் கூடுகிறது. ஆகவே அளந்து பார்ப்பதன் நோக்கம் அதிக வேகம் கேட்பது மட்டுமல்ல. தேவைக்கு மேல் பணம் கொடுக்காமல் தப்பிப்பதும் அதில் அடங்கும்.

அரசு அளக்கும் இடம் எது?

டிராய் ஆணையம் செல்போன் சேவையின் தரத்தை அறிய, நகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் கருவிகளுடன் பயணம் செய்து அளக்கிறது. இது நல்ல பணியே. ஆனால் கார் போகும் இடத்தில்தான் காரில் வைத்த கருவி அளக்கும். சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போக வேண்டிய காபித் தோட்டத்து வீடு அந்தக் கணக்கில் வராது.

அடுத்து, சராசரி என்ற மாயம். பத்து வீடுகளில் ஐந்து வீட்டுக்கு 40 மெகாபிட்டும், மற்ற ஐந்து வீட்டுக்கு அரை மெகாபிட்டும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் 20 வரும். காகிதத்தில் ஊர் செழிப்பாகத் தெரியும். ஆனால் 20 கிடைக்கும் வீடு அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. மேல்மடையில் வெள்ளமும் கடைமடையில் வெடிப்புமாக இருக்கும் ஆயக்கட்டில் சராசரி நீரளவைச் சொல்லி யாரும் சமாதானம் அடைவதில்லை.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்புக் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் பாரத்நெட் என்ற பெயரைப் பெற்றது. தமிழகத்தில் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணியை ஏற்றது. நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் மலை ஊராட்சி என்பது ஒரே தெருவன்று. சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள். ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டது என்பதாலேயே கடைசிக் குடியிருப்புக்கு இணையம் வந்துவிட்டது என்று ஆகாது. தலைமடையில் தண்ணீர் வந்ததைக் கடைமடையின் கணக்கில் எழுதக்கூடாது.

வெளிநாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2009 முதலும், அமெரிக்காவில் 2011 முதலும், விருப்பமுள்ள மக்களின் வீடுகளிலேயே சிறு அளவுக் கருவியைப் பொருத்தி, சொன்ன வேகத்தையும் கிடைத்த வேகத்தையும் ஒப்பிட்டு அரசு அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. அமெரிக்கா 2022 நவம்பரில் வெளியிட்ட இணைய வரைபடத்தில், "என் வீட்டுக்கு இந்தச் சேவை வரவில்லை" என்று குடிமகனே மறுப்புத் தெரிவிக்க இடம் வைக்கப்பட்டது. நம் நாட்டிலும் டிராய் 2024-ல் கொண்டுவந்த தர விதிகளின்படி, செல்போன் நிறுவனங்கள் தங்கள் சேவை கிடைக்கும் பகுதிகளின் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்த வரைபடம் சரியா என்று சொல்ல வேண்டியவர் அங்கே குடியிருப்பவரே. அதற்கு அவரிடம் அளவு இருக்க வேண்டும்.

நோட்டில் எழுதியதை என்ன செய்வது?

முதலில், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். "நெட் ஸ்லோ" என்று சொல்வதைவிட, "ஏழு நாள் இரவு எட்டு மணிக்கு ஒயரில் அளந்தேன், 50-க்குப் பணம் கட்டுகிறேன், 3-க்கு மேல் வரவில்லை" என்று சொன்னால் பதில் சொல்பவர் நிமிர்ந்து உட்காருவார். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்கு எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இரண்டாவதாக, இதைத் தனி வீட்டுக் காரியமாக விட்டுவிடக்கூடாது. அடுக்கம் போன்ற ஊராட்சிகளில் குடியிருப்புக்கு ஒருவராக, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளையே இந்தப் பணியில் ஈடுபடுத்தலாம். ஒரே வாரத்தில், ஒரே செயலியில், ஒரே நேரங்களில் எல்லாக் குடியிருப்புகளிலும் அளந்து ஒரு பட்டியல் தயாரிக்கலாம். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே அந்தப் பட்டியலை வைத்துத் தீர்மானம் போட்டால், டவர் எங்கே வேண்டும், இழை எதுவரை நீள வேண்டும் என்பதை ஊரே எண்ணால் சொன்னதாக ஆகும். வெறும் மனுவைத் தட்டிக்கழிப்பதுபோல அளவைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

மூன்றாவதாக, மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மின்சாரம் நின்றால் ரூட்டரும் நின்றுவிடும். அதற்கென விற்கும் சிறு பேட்டரி ஒன்றை வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பாதை அடைபடும் ஊருக்கு இந்தச் செலவு வீண் செலவன்று.

எடைக்கல்லைச் சோதிக்கச் சட்டம் வந்ததால் மட்டும் சந்தையில் எடை சரியாகிவிடவில்லை. தராசு முள்ளை விவசாயி உற்றுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எடை சரியாயிற்று. இணையத்துக்கும் அந்த முள் உண்டு. அது கம்பெனி ஆபீசிலும் இல்லை, டவர் உச்சியிலும் இல்லை. மலைச் சரிவின் கடைசி வீட்டில், இரவு எட்டு மணிக்கு, மழை பெய்யும்போது, கையில் இருக்கும் செல்போனில் இருக்கிறது. அங்கே காட்டும் எண்ணுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். அந்த எண்ணைத்தான் அரசும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.